கையில் இருக்கும் புத்தகத்தைப் பற்றிச் சொல்வது எப்படி?

"இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டால் நிறையப் பேருக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. படிக்காமல் இல்லை. பையில் ஒன்று, தலையணைக்குப் பக்கத்தில் ஒன்று, போனில் ஒன்று என்று ஏதாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பாதியில் நிற்கும் புத்தகத்தைப் பற்றி என்ன சொல்வது என்று ஒரு தயக்கம். "முடிச்சிட்டுச் சொல்றேன்" என்று நழுவிவிடுகிறோம். முடிப்பதற்குள் அடுத்த புத்தகம் கைக்கு வந்துவிடும். சொல்ல நினைத்ததெல்லாம் அப்படியே போய்விடும்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து வாரத்துக்கு ஒருமுறை அவரவர் கையில் இருக்கும் புத்தகத்தைப் பற்றி நாலு வரி எழுதிக்கொள்வோம். ஆரம்பத்தில் நான் மதிப்புரை மாதிரிதான் எழுதினேன்: நீளமாக, தீர்ப்போடு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தீர்ப்பே வந்துவிட்ட பிறகு பேச என்ன இருக்கிறது? ஒருநாள் நேரமில்லாமல், "நாயகி ஏன் அந்தக் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை என்று புரியாமல் 3 நாளாக அதே இடத்தில் நிற்கிறேன்" என்று மட்டும் எழுதிப் போட்டேன். அன்றுதான் ஆளாளுக்குப் பேச வந்தார்கள். மதிப்புரை எழுத முழுப் புத்தகமும் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கீழே உள்ள வரிசையில் போனால் முதல் முறையே பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம்.

1. எந்தப் புத்தகம்?

ஒரே நேரத்தில் நாலைந்து புத்தகங்களைத் திறந்து வைத்திருப்பவர்கள் உண்டு. அத்தனையையும் பட்டியல் போட வேண்டாம். பட்டியலைப் பார்ப்பவர் "நிறையப் படிக்கிறார் போல" என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். கடந்த ஒரு வாரத்தில் எந்தப் புத்தகத்தின் பக்கங்கள் உண்மையிலேயே நகர்ந்தனவோ அதை எடுங்கள். ஒரு நாவலையும் அந்த நாவல் நடக்கும் காலத்தைப் பற்றிய வரலாற்று நூலையும் மாற்றி மாற்றிப் படிக்கிறீர்கள் என்றால் இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். அப்படிப்பட்ட ஜோடிகள் கேட்பவருக்கும் சுவாரசியமாக இருக்கும்.

வாங்கி வைத்து இன்னும் திறக்காத புத்தகம் இந்தக் கணக்கில் வராது. அப்படி வாங்கிக் குவித்து வைப்பதற்கென்றே ஜப்பானிய மொழியில் 'சுந்தோகு' என்று ஒரு சொல் இருக்கிறது. நமக்கும் அப்படி ஒரு சொல் அவசரமாகத் தேவை, அது வேறு கதை.

அப்புறம், கௌரவத்துக்காகக் கனமான புத்தகத்தைத் தேடாதீர்கள். துப்பறியும் கதை படித்துக்கொண்டிருந்தால் துப்பறியும் கதை என்றே சொல்லுங்கள். நாலு நாள் அதில் மூழ்கியிருந்தவர் அதைப் பற்றித்தான் உயிரோடு பேச முடியும். அலமாரியில் இருக்கும் தத்துவ நூலைப் பற்றி அல்ல.

2. அடையாளத்தைச் சரியாக எழுதுங்கள்

தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர். இது ஒரே வரிதான், ஆனால் பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். "அந்தக் கடல் நாவல்" என்று எழுதிவிட்டு, பிறகு மூன்று பேர் கேட்ட பின் பெயரைச் சொல்வார்கள். பெரும்பாலான நாடுகளில் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. அதனால் ஒரே பெயரில் இரண்டு மூன்று புத்தகங்கள் இருப்பது சகஜம். ஆசிரியர் பெயர் இல்லாமல் தலைப்பை மட்டும் எழுதினால் வேறு புத்தகத்தைத் தேடி எடுத்துவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பாளரின் பெயரை விட்டுவிடாதீர்கள். நீங்கள் ரசித்த வாக்கியத்தை உங்கள் மொழியில் எழுதியவர் அவர்தான். மொழிபெயர்ப்பாளரின் பெயர் அட்டையில் இடம்பெற வேண்டும் என்று கேட்டு 2021இல் எழுத்தாளர்கள் பலர் சேர்ந்து ஒரு திறந்த கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். அதைக் கேட்டுப் பெற வேண்டிய நிலைமை இருந்தது என்பதே வேடிக்கை. மரியாதை ஒருபக்கம் இருக்கட்டும், இதில் நடைமுறைக் காரணமும் உண்டு: பழைய உலக இலக்கியங்களுக்குப் பல மொழிபெயர்ப்புகள் இருக்கும். ஒன்றில் சிரிப்பு வரும் இடம் இன்னொன்றில் வறட்சியாக இருக்கும். சுருக்கப் பதிப்பு என்றால் அதையும் குறிப்பிட்டுவிடுங்கள்.

"எந்தப் பதிப்பு?" என்று யாராவது குறிப்பாகக் கேட்டால் பின்னட்டையில் பார்கோடோடு இருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுங்கள். 2007 முதல் அது 13 இலக்கம். அதற்கு முந்தைய புத்தகங்களில் 10 இலக்கம் இருக்கும். ஒரே நூலின் கெட்டி அட்டைப் பதிப்புக்கும் சாதா அட்டைப் பதிப்புக்கும் தனித்தனி எண் என்பதால் குழப்பமே வராது. யாரும் கேட்காதபோது இதை எழுத வேண்டியதில்லை.

3. எங்கே நிற்கிறீர்கள்?

"140ஆம் பக்கத்தில் இருக்கிறேன்" என்றால் அது 180 பக்கப் புத்தகமா, 800 பக்கப் புத்தகமா? மொத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைவிட நல்லது அத்தியாய எண். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், அத்தியாயம் அநேகமாக மாறாது. மின்னூலில் எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே திரைகளின் எண்ணிக்கை கூடிவிடும், அங்கே சதவீதம்தான் கைகொடுக்கும். ஆனால் கதை அல்லாத, அதாவது அபுனைவு நூல்களில் சதவீதமும் ஏமாற்றும். பின்குறிப்பு, சான்றுப் பட்டியல், சொல்லடைவு எல்லாம் கடைசிப் பகுதியை அடைத்துக்கொண்டிருப்பதால், 70 சதவீதத்திலேயே நூல் திடீரென்று முடிந்துபோவது உண்டு. ஒலிநூல் என்றால் "9 மணி நேரத்தில் 4 மணி நேரம் கேட்டிருக்கிறேன்" என்று சொன்னால் தெளிவு. வாசிப்பவரின் குரல் எப்படி என்பதையும் ஒரு வார்த்தை சேர்க்கலாம். காதால் கேட்பது படிப்பதில் சேருமா என்ற வாதத்தில் எனக்குப் பொறுமை இல்லை. சேரும்.

சிறுகதைத் தொகுப்பு என்றால் எத்தனை கதை என்பதைவிட எந்தக் கதைகள் என்பது முக்கியம். பலரும் தொகுப்பை வரிசையாகப் படிப்பதில்லை.

இடத்தைச் சொல்லச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் 8ஆம் அத்தியாயத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால், ஏற்கெனவே படித்தவர் எதைப் பேசலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். உங்கள் இடம்தான் அவருக்கு வேலி.

4. கைக்கு வந்த வழி

ஒரே வரி. யார் சொன்னார்கள், எதைத் தேடப்போய் இது கிடைத்தது, ஏன் இப்போது. "வேலை மாறிய புதிதில் வேறு எதிலும் மனம் ஒட்டாமல் இதை எடுத்தேன்" என்று எழுதினால் புத்தகத்தைப் பற்றியும் உங்களைப் பற்றியும் ஒன்றாகத் தெரிந்துவிடுகிறது. பத்தி பத்தியாக முன்கதை வேண்டாம்.

5. கதையை எவ்வளவு சொல்லலாம்?

பொதுவாகப் பின்னட்டை சொல்லும் அளவுக்கு. பின்னட்டையே சில சமயம் அதிகம் உளறிவிடும், அப்படியிருந்தால் புத்தகத்தின் முதல் கால்பகுதியைத் தாண்டாதீர்கள்.

இதில் நான் சூடுபட்டவன். ஒரு குடும்பக் கதையைப் பற்றி எழுதும்போது "அண்ணன் செத்த பிறகு கதை கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதே புத்தகத்தில் அந்த இடத்துக்கு இரண்டு அத்தியாயம் முன்னால் நின்றுகொண்டிருந்த தோழி ஒருவர் "சரி, இனி எதுக்குப் படிக்கணும்" என்று மட்டும் பதில் எழுதினார். கோபமே இல்லை. அதுதான் அதிகமாக உறுத்தியது.

முடிவு தெரிந்தால் ரசனை கெட்டுவிடுமா என்பதில் உளவியலாளர்களிடமே ஒற்றுமை இல்லை. 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த இருவர் சிறுகதைகளைக் கொடுத்துச் சோதித்தபோது, முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்ததாகத் தெரிந்தது. பின்னால் வந்த வேறு ஆய்வுகள் இதற்கு நேர்மாறாகவும் சொல்லியிருக்கின்றன. எது சரியாக இருந்தாலும், தெரிந்துகொள்ளலாமா வேண்டாமா என்பதைப் படிப்பவர் முடிவு செய்யட்டும். நீங்கள் அவருக்காக முடிவு செய்யாதீர்கள்.

பெயர் சொல்லாமல், நிகழ்ச்சி சொல்லாமல் செய்கிற ஸ்பாய்லரும் உண்டு. "கடைசியில் ஒரு திருப்பம் இருக்கு, சொல்ல மாட்டேன்" என்பதே சொல்வதுதான். அதற்குப் பிறகு படிப்பவர் ஒவ்வொரு பக்கத்திலும் திருப்பத்தைத் தேடிக்கொண்டிருப்பார். "அந்த டாக்டரை மட்டும் நம்பாதீங்க" என்பதும் அப்படியே. "முதல் 50 பக்கம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பது மட்டும் பரவாயில்லை. அது கதையைப் பற்றியது அல்ல, நடையைப் பற்றியது.

கட்டாயம் பேசித்தான் ஆகவேண்டும் என்றால் முதல் வரியிலேயே எச்சரிக்கை போடுங்கள்: "12ஆம் அத்தியாயம் வரை படித்தவர்களுக்கு மட்டும்." செய்தி வரும்போது போன் திரையில் முதல் ஒன்றிரண்டு வரிகள் தானாகவே தெரிந்துவிடும், எச்சரிக்கை கடைசியில் இருந்து பயனில்லை. டெலிகிராமில் ஒரு வரியை மட்டும் மறைத்து அனுப்ப வசதி இருக்கிறது, தொட்டால்தான் தெரியும்.

6. ஓர் இடத்தைப் பிடியுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. முதலில், எழுதக் கூடாததற்கு ஓர் உதாரணம்:

"அருமையான நாவல். கீழே வைக்க முடியவில்லை. அனைவரும் அவசியம் வாசிக்க வேண்டிய படைப்பு."

இந்த மூன்று வாக்கியங்களையும் உங்கள் அலமாரியில் இருக்கும் எந்தப் புத்தகத்தோடும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டும். அதுதான் பிரச்சினை. எழுதிய வரி வேறு புத்தகத்துக்கும் பொருந்துகிறது என்றால் அழித்துவிடுங்கள்.

இப்போது இதைப் பாருங்கள். உதாரணத்துக்காக நானே கற்பனை செய்த நாவல், தேட வேண்டாம்:

"கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் கதை. 20 அத்தியாயத்தில் 8 முடித்திருக்கிறேன். இதுவரை அவர் யாரோடும் பேசவில்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறார், கண்ணாடி துடைக்கிறார், பதிவேட்டில் காற்றின் திசையை எழுதுகிறார். சலிப்பாக இருக்க வேண்டும், ஆனால் இல்லை. பதிவேட்டில் ஒரே ஒரு நாள் மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார். ஏன் என்று இன்னும் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு கப்பலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார் என்று எனக்கு ஒரு சந்தேகம்."

எத்தனை நட்சத்திரம் என்று இதில் இல்லை, நல்ல நாவலா என்றும் சொல்லவில்லை. ஆனாலும் இது தன் கைக்கு ஏற்ற புத்தகமா இல்லையா என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். நிதானமான கதை பிடிக்காதவர் இங்கேயே விலகிக்கொள்வார், அதுவும் உதவிதான்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அது ஊகம். முடித்தவரால் எழுத முடியாத ஒரே விஷயம் ஊகம்தான், அவருக்குத்தான் விடை தெரிந்துவிட்டதே. பாதியில் நிற்பவருக்கு மட்டும் கிடைக்கும் இந்தச் சலுகையை விட்டுவிடாதீர்கள். தவறாகப் போனால் இன்னும் நல்லது. பிறகு எல்லோரும் சேர்ந்து சிரிக்கலாம்.

என்ன எழுதுவது என்று தெரியாமல் முழித்தால் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த இடத்தில் புத்தகத்தை மடக்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்? எங்கே பக்கங்களைத் தள்ளினேன்? என்ன புரியவில்லை? அபுனைவு நூல் என்றால், இவர் சொல்வதில் எதை நான் நம்பவில்லை? இவற்றில் ஒன்றுக்கு விடை இருந்தாலே பதிவு தயார்.

'இதுவரை' என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். "இதுவரை எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்கவில்லை" என்பதற்கும் "அந்த அம்மா பாத்திரம் சரியாக வரவில்லை" என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவது நாளைக்கு மாறலாம். இரண்டாவது எழுத்தாளர் மீது வைத்த தீர்ப்பு, அதற்கு இன்னும் 200 பக்கம் பாக்கி இருக்கிறது. கதைசொல்லி ஒருவனை வெகுளி என்று எழுதிவிட்டு, பிறகு அவன் முழுப் பொய்யன் என்று தெரிந்து அசடு வழிந்திருக்கிறேன். பழைய பதிவை அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே "ஏமாந்துபோனேன்" என்று சேர்த்தேன். அந்த நாவலின் வெற்றியே அதுதான், என் தவறுதான் அதற்குச் சாட்சி.

நீளம்? ஐந்தாறு வரி. எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நூலகத்துக்குச் சொன்னதுதான் என்றாலும் இதற்கும் அப்படியே பொருந்தும்.

7. மேற்கோள் எடுக்கும்போது

ஒன்றிரண்டு வரி போதும். புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள், பக்க எண்ணையும் போடுங்கள். நினைவிலிருந்து எழுதினால் வாக்கியம் கொஞ்சம் நம்முடையதாக மாறிவிடும், பிறகு அதுவே ஊரெல்லாம் சுற்றும்.

இன்னொன்று, யார் சொன்னது? நாவலில் வரும் வில்லன் பேசும் வசனத்தை எடுத்து, கீழே எழுத்தாளர் பெயரைப் போட்டுப் பகிர்கிறார்கள். பாவம், அந்தக் கருத்தை எதிர்த்துத்தான் அவர் முழு நாவலையும் எழுதியிருப்பார். பாத்திரத்தின் பெயரைச் சேர்த்துவிட்டால் இந்த வம்பு இல்லை. பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போடுவது மேற்கோள் அல்ல, அது நகல். அட்டைப்படமும் ஒரு பத்தியும் எடுப்பது வேறு விஷயம்.

எழுதுவது இவ்வளவுதான். இனி மற்றவர்களோடு பேசும் பக்கம்.

மற்றவர் சொல்லும்போது

பாதியில் நிற்பவரிடம் கேள்வி கேளுங்கள், தகவல் கொடுக்காதீர்கள். "அந்தப் பதிவேடு விஷயத்தில் உங்கள் சந்தேகம் என்ன?" என்று கேட்டால் பேச்சு வளரும். "நான் இதைக் கல்லூரியிலேயே படிச்சிட்டேன்" என்றால் பேச்சு அங்கேயே முடியும். "இதைவிட அவருடைய முந்தைய நாவல் நல்லா இருக்கும்" என்பதும் அப்படித்தான். அவர் கையில் இருப்பது இதுதானே? முடிக்கட்டும், பிறகு சொல்லலாம்.

"பிடிஎஃப் கிடைக்குமா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். எழுத்தாளர் இறந்து பல பத்தாண்டுகள் ஆகும் வரை பதிப்புரிமை தொடர்கிறது. பெர்ன் ஒப்பந்தப்படி குறைந்தது 50 வருடம், பல நாடுகளில் அதற்கும் மேல். "எந்த நூலகத்தில் பார்த்தீர்கள்?" என்று கேட்கலாம், "படித்த பிறகு இரவல் தருவீர்களா?" என்று கேட்கலாம். இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவில்லை.

பாதியில் விட்டுவிட்டால்

சொல்லுங்கள். எங்கே விட்டீர்கள், ஏன் விட்டீர்கள். "60ஆம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன், நோய் பற்றிய வர்ணனை இப்போது எனக்குத் தாங்கவில்லை" என்பது நேர்மையான, உபயோகமான தகவல். விட்டது புத்தகத்தின் மீது போட்ட முத்திரை ஆகாது, உங்கள் நேரம் சரியில்லாமலும் இருக்கலாம். வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைத்துக்கொள்பவர்கள்தான் விடுவதற்கு அஞ்சி, பிடிக்காததை இழுத்துக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் டிசம்பரில் மெலிந்த புத்தகமாகப் பார்த்துத் தேடுவார்கள். நானும் ஒரு வருடம் அப்படித் தேடியவன்தான்.

எங்கே பகிர்வது, எதைப் பகிராமல் இருப்பது

2005இல் வந்த லைப்ரரிதிங், 2007இல் வந்த குட்ரீட்ஸ், பிறகு வந்த ஸ்டோரிகிராஃப் என்று இதற்கென்றே தளங்கள் இருக்கின்றன. படிக்க விரும்புவது, படித்துக்கொண்டிருப்பது, படித்தது என்று குட்ரீட்ஸில் அலமாரிகள் உண்டு. ஒரு நோட்டுப் புத்தகமும் இதே வேலையைச் செய்யும். தளத்தில் கணக்குத் தொடங்கினால் முதல் வேலையாக, உங்கள் அலமாரியை யார் பார்க்கலாம் என்ற அமைப்பைத் திறந்து பாருங்கள். கிண்டிலைக் குட்ரீட்ஸோடு இணைத்திருந்தால் நீங்கள் திறக்கும் புத்தகம் தானாகவே அங்கே பதிவாகும்படி ஓர் அமைப்பு உண்டு, அதையும் சரிபாருங்கள். மனச்சோர்வு, விவாகரத்து, வேலை தேடல், மத நம்பிக்கை என்று, நாம் படிக்கும் புத்தகம் நாம் வாய் திறந்து சொல்லாததையும் சொல்லிவிடும். கையில் இருக்கும் எல்லாவற்றையும் பகிர வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

நேரில் கூடுவது என்றால் நான் கைகாட்டும் முறை ஒன்று இருக்கிறது. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு தோழிகள் தொடங்கிய சைலண்ட் புக் கிளப். எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வர வேண்டும் என்ற கட்டாயம் அதில் கிடையாது. அவரவர் புத்தகத்தோடு வருவார்கள், என்ன படிக்கிறோம் என்று பேசிக்கொள்வார்கள், பிறகு ஒரு மணி நேரம் போல அமைதியாக உட்கார்ந்து படிப்பார்கள். அதன் பிறகு பேச விரும்புபவர்கள் பேசலாம், கிளம்ப விரும்புபவர்கள் கிளம்பலாம். கூட்டத்தில் பேசக் கூச்சப்படுபவர்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. மூன்று பேர் இருந்தாலே நடத்திவிடலாம்.

யாரும் பதில் சொல்லவில்லை என்றால்

முதல் சில முறை அப்படித்தான் இருக்கும். தொடர்ந்து எழுதுங்கள், அதே நாளில், அதே அளவில். பதில் உடனே வரவேண்டும் என்றும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் நான் எழுதிய ஒரு நாலு வரிக்கு ஒருவர் போன வாரம் பதில் போட்டிருந்தார்: "நீங்க அப்ப பாதியில வச்சிருந்தீங்களே, முடிச்சிட்டீங்களா?" இல்லை, புக்மார்க் இன்னும் 96ஆம் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எழுதினேன். அவர் முடித்துவிட்டாராம். 97ஆம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்.